அம்மன் எதுவரை போகிறாள்?

போன வாரம் ஒரு நாட்டுப்புறவியல் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். ஒரகடம் பக்கம் ஓர் இன்ஜினியரிங் காலேஜ். மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் ஹாலில் நாட்டார் தெய்வங்கள். சரி, இருக்கட்டும்.

எனக்குச் சந்தேக புத்தி என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். தயிர் பாக்கெட்டில் தேதியைப் பார்த்துவிட்டு, கடைக்காரர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பவன். வாசலில் கொடுத்த ஃபைலுக்குள், ‘கருத்தரங்கில் முழுமையாகப் பங்கேற்றார்’ என்று என் பெயருக்குச் சர்டிபிகேட் தயாராக இருந்தது. நான் இன்னும் உள்ளேயே போகவில்லை!

பக்கத்து நாற்காலியில் கம்பெனி யூனிஃபார்மோடு ஒருவர். நாற்பது வயது இருக்கும். ஐ.டி. கார்டைச் சட்டைப் பைக்குள் செருகியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவரோ? சந்தேகமாகப் பார்த்தேன். அவர் என்னை அதைவிடச் சந்தேகமாகப் பார்த்தார்.

“சார் எந்த கம்பெனி?”

கம்பெனியெல்லாம் இல்லை, பத்திரிகையில் எழுதுகிறவன் என்றேன். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பெயர் ஏழுமலை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஊர் பக்கத்துக் கிராமம்... பெயர் வேண்டாமே. ஆடி மாதம் அங்கே அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு முன்னால் ஊர் எல்லையைச் சுற்றி வருவார்கள். எலுமிச்சம்பழத் தட்டோடு முன்னால் நடப்பது ஏழுமலை. அன்றைக்கு அதைப் பற்றித்தான் கட்டுரை. வாசிக்கப் போகிற ஆராய்ச்சி மாணவியே அவருக்கு அழைப்பிதழ் கொடுத்திருக்கிறார். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர்.

மாணவி மகாலட்சுமி, தென்காசிப் பக்கம். திரையில் ஊரின் வரைபடத்தைப் போட்டார். அம்மன் போகும் வழி சிவப்புக் கோடாக ஓடி, ஸ்கூல் வாசலில் நின்றது. ஸ்கூலுக்கு அந்தப் பக்கம் எல்லைக் கல்லும் இல்லை, பூஜையும் இல்லை என்று ஊர்க்காரர்களே சொன்னார்களாம். ஆலைகள் வர வர அம்மனின் எல்லையும் சுருங்கிவிட்டது என்று முடித்தார்.

ஹால் முழுக்கக் கைதட்டல். சிலர் ‘உச்’ கொட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஏழுமலை மட்டும் எழுந்து நின்றார்.

“யம்மா, இது எங்க போவும்?”

“எதுண்ணே?”

“இந்தப் படம். நீ எழுதனது.”

“புத்தகமா வரும்ணே. நெட்லயும் போடுவோம். யாரு வேணும்னாலும் பாக்கலாம்.”

மைக் அவர் கைக்கு வந்தது. 

“அப்ப அந்த ஒரு வரிய எடுத்துடும்மா. கல்லு இல்லன்னு நாங்க சொன்னது பொய்யி. கல்லு கீது. ஸ்கூலுக்கு அந்தாண்ட, மாடு மேயற எடத்துல. வருசா வருசம் நான்தான் பழம் அறுத்து வெக்கிறேன்.”

மகாலட்சுமி திரையில் இருந்த சிவப்புக் கோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“உனுக்கு முன்னாடி ஒருத்தரு வந்தாரு. இதே மாரி கையில மேப்பு வெச்சுக்கினு, ஊரு எல்லை எதுன்னு கேட்டாரு. மோர் குடுத்து, கூடவே நடந்து காட்னோம். மறு வாரம் அங்க செவப்புப் பெயின்ட் அடிச்ச கல்ல நட்டுட்டாங்க. கம்பெனிக்கு ரோடு வருதாம். நீயும் அதே கேள்வி கேட்டியா... அந்த ஆளு அனுப்புன பொண்ணுன்னு நெனச்சிட்டோம்.”

“அதுக்கு இப்ப என்ன?” என்றார் தலைமை தாங்கிய பேராசிரியர்.

“அந்த எடத்துல எங்க சாமி கீது, ரோடு போடாதீங்கன்னு மனு குடுத்துகீறோம் சார். படிச்ச பொண்ணு சாமி இல்லன்னு புக்குல போட்டா, ஆபீசருங்க எத்த நம்புவாங்க?”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “அன்னைக்குச் சொன்னது பொய்னா, இன்னைக்குச் சொல்றது உண்மைன்னு எப்படி நம்பறது?”

நியாயமான கேள்விதான். எனக்கும் அதே சந்தேகம் வந்தது.

“நம்ப வேணாம் சார். அந்த வரிய மட்டும் எடுத்துடுங்க.”

மகாலட்சுமி கையிலிருந்த கட்டுரைத் தாள்களைப் புரட்டினார். “அந்த வரிதான்ணே என் ஆராய்ச்சியோட முடிவே. ரெண்டு வருஷம்...” என்றவர், பேனாவை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. சர்டிபிகேட்டைச் சந்தேகப்பட்டேன், சாப்பாட்டுக்கு வந்தவரோ என்று ஒரு மனிதரைச் சந்தேகப்பட்டேன். எல்லை சுருங்கிய கதையை மட்டும் ஏன் சந்தேகப்படவில்லை? அது கேட்க நன்றாக இருந்தது. கம்பெனி வந்தது, சாமி போனது என்று நானே நாலு தடவை எழுதியிருப்பேன். நமக்குப் பிடிக்காததை மட்டும்தான் நாம் சந்தேகப்படுகிறோம். ஏழுமலையின் ஊரோ, மோர் கொடுத்து ஏமாந்த பிறகு எல்லோரையும் சந்தேகப்பட்டு, கடைசியில் தன் சாமியைத் தானே மறைத்துவிட்டது.

டீ இடைவேளையில் மகாலட்சுமி அவரிடம் வந்தார். “அந்தக் கல்ல எனக்குக் காட்டுவீங்களாண்ணே?”

ஏழுமலை கப்பைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “ஆடி மாசம் வா. எல்லை சுத்தசொல்லோ எங்க கூட நட. ஃபோன மட்டும் ரூம்லயே வெச்சுட்டு வந்துடு.”

நானும் வரலாமா என்று கேட்டேன்.

அவர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். “சார் வேணாம். வந்ததுலேர்ந்து இன்னாவோ எழுதிக்கினே கீறாரு.”

கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எனவே, அது எந்த ஊர், எந்த ஸ்கூல் என்று கேட்டு யாரும் மெயில் போடாதீர்கள்.

நீங்கள் எந்த கம்பெனியோ... யார் கண்டது?