ஷாகிர் பாயும் பேசாத பெட்டியும்

ஷாகிர் பாய் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் மோந்து பார்ப்பார். பக்கத் தகட்டைக் கழற்றி மூக்கை உள்ளே நீட்டுவார். "ஈரந்தான். மூடுபனி உள்ள பூந்திருக்குது" என்றோ, "பல்லி குடும்பம் நடத்தீருக்குதுங்க" என்றோ சொன்ன பிறகுதான் கை வைப்பார்.

கடை காளப்பநாயக்கன்பட்டியில். ஆனால் கடையில் அவரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. கொல்லிமலையில் எந்த வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் பைக்கை எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார். "அதுகளுக்கு வயசாச்சுங்க. கீழ தூக்கீட்டு வந்தா வளைவுல குலுங்கியே இருக்கற உசுரும் போயிரும்" என்பார். பையில் ஒரு பிஸ்கட் டின். அது நிறைய, செத்துப்போன கம்ப்யூட்டர்களிலிருந்து எடுத்த மெமரி அட்டைகள். அவசரப்படுத்தினால் அவருக்குப் பிடிக்காது. "பதறாத காரியம் சிதறாதுங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் மெதுவாகச் செய்வார். எனக்கே சில நேரம் எரிச்சல் வரும்.

போன வியாழக்கிழமை அவர் வண்டியில் தொற்றிக்கொண்டு அரியூர் நாட்டுக்குப் போனேன். அங்கே மிளகும் மரவள்ளியும் போடுகிற சின்னுசாமியின் மகள் ராதிகாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் காதால் கேட்டுத்தான் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வங்கித் தேர்வு. பாடம் அத்தனையும் கம்ப்யூட்டருக்குள். அது சில நாட்களாகப் பேசவில்லை.

"ஓடுது, சூடாகுது, வாய மட்டும் தொறக்க மாட்டீங்குதுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விரல்கள் கீபோர்டை விட்டு நகரவில்லை.

பாய் துருவித் துருவிக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. ஆடி நோம்பிக்குச் சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள். மலைக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. இந்த முறை பழமும் பிஸ்கட்டும் போதாதென்று, படிக்கிற பிள்ளைக்கு உதவட்டும் என்று ஆளுக்கொரு மென்பொருளையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திருப்பூர்ச் சித்தப்பா ஒரு வைரஸ் தடுப்பு, நாமக்கல் மாமா இன்னொரு வைரஸ் தடுப்பு, அக்கா வீட்டுக்காரர் சதீஷ்குமார் குப்பை கூட்டுகிற மென்பொருள் ஒன்று. சுவிட்சைப் போட்டதும் எல்லாம் ஒன்றாக எழுந்து, இருக்கிற கொஞ்ச மெமரியையும் தின்று தீர்த்துவிடுகின்றன. வாசிக்கிற குரலுக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான். எல்லாத்தையும் தொரத்தி உடுங்க பாய்" என்றாள் ராதிகா.

சின்னுசாமி பதறிவிட்டார். "அழிச்சுப்போடாதீங்க! மாப்பிள்ளை ஆசையாப் போட்டுக் குடுத்தது. அடுத்த வாட்டி வந்து பாத்தா மனசு சங்கடப்படுவாருங்க."

நானாக இருந்தால் மாப்பிள்ளையாவது மண்ணாங்கட்டியாவது என்று அழித்துத் தள்ளியிருப்பேன். பாய் தலையாட்டினார். "அழிக்கலீங்க. எல்லாரும் ஊட்டுலயே இருக்கட்டும். ஒரே அடுப்புல அத்தன பேரும் ஒண்ணாச் சமைக்க வந்தா எப்படீங்க? மொதல்ல பாப்பா சமைக்கட்டும்."

கம்ப்யூட்டர் தொடங்கும்போது தானாக எழுகிற எல்லாவற்றையும் நிறுத்தினார். குரலை மட்டும் விட்டார். பிறகு செய்ததுதான் எனக்கு வியப்பு. திரையை அணைத்துவிட்டார். "பாப்பா கேக்கறதத்தான் நானும் கேக்கோணும்" என்று கண்ணையும் மூடிக்கொண்டார். குரல் வந்தது. அடுத்து திரையைப் போட்டு மாப்பிள்ளையின் மென்பொருளைச் சேர்த்து, திரையை அணைத்து மறுபடி தொடங்கினார். வந்தது. சித்தப்பாவுடையதைச் சேர்த்தார். தாமதமாக வந்தது. மாமாவுடையதும் சேர்ந்ததும் பேச்சு நின்றுபோனது.

"சித்தப்பா போட்டதும் மாமா போட்டதும் ஒண்ணையொண்ணு திருடன்னு நெனச்சுக் காவல் காக்குதுங்க" என்று சிரித்தார். மாமாவுடையதை உறங்க வைத்தார். மாப்பிள்ளையுடையது கூப்பிட்டால் மட்டும் வரும்படி செய்தார். டின்னிலிருந்து ஒரு மெமரி அட்டையை எடுத்து, அதன் பித்தளை நிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்துச் செருகினார்.

கடைசியாகச் சுவிட்சைப் போட்டார். பேச்சில்லை. ராதிகா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. "பொறு சாமி, பொறு" என்று பாய் பெட்டியைத் தட்டிக் கொடுத்தார்.

குரல் வந்தது. ராதிகா கீபோர்டில் ஏதோ விசையை அழுத்தி அழுத்தி அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். எங்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. "வந்துருச்சுங்கப்பா... வட்டிக் கணக்குப் பாடம்" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் அங்கே இருப்பதையே மறந்துவிட்டாள். உதடுகள் குரலோடு ஓடத் தொடங்கின. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"டீ வெக்கச் சொல்றனுங்க" என்று சின்னுசாமி குரலை உயர்த்தினார். பாய் உதட்டில் விரல் வைத்தார். வாசலில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். வண்டியை உதைக்கவில்லை. வீடு மறைகிற திருப்பம் வரை வெறுங்காலோடு தள்ளிக்கொண்டே போனார்.