முப்பத்தொன்று உரிந்த காலை

காலை எட்டு மணிக்கு டிரையர் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு பச்சைச் சட்டை. அதன் முதுகில் 31 என்ற எண் இருக்க வேண்டும். மூன்று என்ற இலக்கம் பாதி உரிந்து சுருண்டு நின்றது. ஒன்று முழுதாகக் கழன்று டிரம்மில் ஒட்டியிருந்தது.

மெல்பேர்ணில் ஒரு ஹோட்டல் லோன்றியில் அப்போது எனக்கு ஆறாவது வருடம். அதற்கு முன் ஆஸ்பத்திரித் துணி கழுவும் இடத்தில் நின்றவன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எனக்கு எழுதத் தெரிந்தது இதுதான்.

சட்டை ஒரு ஜப்பான் உதைபந்தாட்டக் கிளப்புடையது. தங்கள் ஊரில் சனிக்கிழமை லீக் ஆட்டம் தோற்று, நேரே விமானம் ஏறி வந்தவர்கள். இங்குள்ள கிளப் ஒன்றுடன் அன்று மாலை ஆட்டம். வந்த வழியில் பெட்டிக்குள் நோவெண்ணெய்ப் போத்தல் ஒன்று உடைந்துவிட்டது. எண்ணெய் பட்ட சட்டைகளை அவர்களின் உடுப்புப் பொறுப்பாளர் மொரிட்டா முதல் நாள் என்னிடம் கொண்டுவந்தார். ஐம்பது வயது மனிதர். ஒவ்வொரு சட்டையும் தனித்தனி வலைப்பைக்குள். “நோ டிரையர்,” என்று மூன்று தரம் சொன்னார். கையால் கொடியில் போடுவதுபோலக் காட்டினார்.

அப்படியே கழுவினேன். அப்படியே கொடியில் போட்டேன். காலையில் எல்லாம் காய்ந்திருந்தது. முழங்கையில் தடித்த பஞ்சு வைத்த இந்தப் பச்சைச் சட்டை மட்டும் ஈரம். ஆஸ்பத்திரித் துணியில் ஈரம் இருந்தால் வார்டில் இருந்து திருப்பி அனுப்புவார்கள். ஐந்து வருடம் அந்தப் பயத்தில் வேலை செய்த கை. மனிதருக்கு ஈரச் சட்டை கொடுக்கக்கூடாது என்று பத்து நிமிடம் டிரையரில் போட்டேன். சூட்டைக் குறைக்கவும் இல்லை.

சூப்பர்வைசர் சுகந்தி வந்தாள். திருச்சிப் பிள்ளை. படிக்க வந்து இங்கேயே வேலையில் தங்கியவள். பார்த்தாள்.

“அண்ணே, நீங்க வாயத் திறக்காதீங்க. எண்ணெய் பட்டதுல உரிஞ்சிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். உங்க விசா இருக்கற இருப்புல இதெல்லாம் தேவையா?”

“எண்ணெய்யால இல்லைப் பிள்ளை. நான்தான் டிரையர்ல போட்டனான்.”

“அது அவங்களுக்குத் தெரியவா போகுது?”

விசாவை நான் நினைக்காமல் இல்லை. தற்காலிக விசாவில் பதினொரு வருடம். கடிதம் எது வந்தாலும் வாசலில் நின்றபடியே பிரிப்பேன். ஆனாலும் சட்டையை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

மொரிட்டா காலைச் சாப்பாட்டில் இருந்தார். “மை மிஸ்டேக். டிரையர்,” என்றேன். அவர் எழுந்து சட்டையை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கோபிக்கவில்லை. நேரம் பார்த்தார். பஸ் பின்னேரம் நாலு மணிக்கு.

அவரின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே அளவு. அதனால் விளங்கியது. முதலாவது கோல் கீப்பருக்குச் சனிக்கிழமை விரல் முறிந்துவிட்டது. முப்பத்தொன்று இரண்டாவது கீப்பர். நாலு வருடம் பெஞ்சில் இருந்தவர். ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. இன்றுதான் முதல். அவரின் இன்னொரு சட்டை மஞ்சள். இங்குள்ள கிளப்பின் நிறமும் மஞ்சள், போட விடமாட்டார்கள். போட்டிக்குப் பதிந்த எண் இல்லாமலும் இறங்க முடியாது. சட்டை இல்லாவிட்டால் கோச் மூன்றாவது கீப்பரை இறக்குவார்.

மொரிட்டாவின் பெட்டியில் மாற்று எண்கள் இருந்தன. ஒரு மூன்று, ஒரு ஒன்று. அவ்வளவுதான். ஒட்டும் மெஷின் ஜப்பானில். ஹோட்டல் அயர்ன்பொக்ஸைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கீப்பர் நிலத்தில் விழுகிறவர். அயர்ன் பண்ணி ஒட்டினது நிற்காது.

நகருக்கு வெளியே ரோவிலில் ரூபன் என்று ஒருவர் வீட்டுக் கராஜில் மெஷின் வைத்து நம்முடைய கிரிக்கெட் ஆட்களுக்கு ஜேர்சியில் எண் அடிக்கிறவர். போன் எடுத்தேன்.

“என்ன அண்ணை, போன வருசம் நான் அடிச்ச நம்பர் உரிஞ்சு போச்சு எண்டு துள்ளினீங்கள். டிரையர்ல போட்டபடியால்தான் எண்டு அப்பவே சொன்னனானே. இப்ப ஜப்பான்காரன்ரயையும் உரிச்சாச்சோ?”

“பேச்சைப் பிறகு பேசு. மெஷின் வேணும்.”

“நான் வேலையில அண்ணை. வெளிக்கிட ரெண்டரையாகும்.”

“நாலு மணிக்குப் பஸ்.”

“இப்ப எட்டரைதானே. என்ர ஷிப்டுக்கு ஆரையும் மாத்திவிடக் கேக்கிறன். ஒரு மணிக்கு வாங்கோ.”

சுகந்தி என் வேலைநேரக் கார்டை வாங்கி வைத்துக்கொண்டாள். “போயிட்டு வாங்க. மேனேஜர்ட்ட நான் பேசிக்கிறேன். நீங்க போய்ப் பேசினா காரியம் கெட்டுரும்.”

மொரிட்டாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ரூபன் சொன்னபடி ஒரு மணிக்குக் கராஜில் நின்றார். மொரிட்டா பழைய எண்ணில் மிச்சமிருந்ததை மெஷின் சூட்டில் இளக்கி நகத்தால் சுரண்டி, பசையைத் துடைத்துத் துடைத்து எடுத்தார். அதற்கே ஒரு மணித்தியாலம் போனது. துணியில் சூடு நேரே படாமல் காக்கும் மெஷினின் மேல்விரிப்புக் கிழிந்திருந்தது. ரூபன் குசினிக்குள் ஓடி, கேக் சுடும் பேக்கிங் தாளுடன் வந்தார். முதலில் ஒரு பழைய துணியில் தன்னுடைய எண் ஒன்றை வைத்து அழுத்தி, இழுத்துப் பார்த்தார்.

“அண்ணை, சரியா வரும். ஆனா அந்தாளிட்டச் சொல்லுங்கோ, ஒருக்காத்தான் அடிக்கலாம்.”

சொன்னேன். மொரிட்டா அளவுகோல் வைத்துப் பார்த்து, கழுத்தில் இருந்து நாலு விரல் தள்ளி எண்ணை வைத்தார். ரூபன் மெஷினை அழுத்தினார். மொரிட்டா ஜப்பான் மொழியில் எண்ணினார். பதினைந்து என்று நினைக்கிறேன். மெஷின் திறந்தது. ஆற விட்டு, மொரிட்டா மேல்தாளை உரித்தார். மூன்று நின்றது. ஒன்றும் நின்றது.

ரூபன் காசு வாங்கவில்லை. “கோல் விட்டா என்ர பேரைச் சொல்லாதேங்கோ,” என்றார். மொரிட்டா கராஜுக்குள் நின்று அவரைக் குனிந்து வணங்கினார். ரூபனும் எப்படிக் குனிவது என்று தெரியாமல் பாதி குனிந்தார்.

மொனாஷ் ஃப்ரீவேயில் நெரிசல். ஹோட்டல் வாசலில் இறங்கியபோது மூன்று ஐம்பது.

ஆட்டத்தை என் அறையில் போனில் பார்த்தேன். எல்லோரும் பந்தைப் பார்த்திருப்பார்கள். நான் முதுகைப் பார்த்தேன். பன்னிரண்டாவது நிமிடம் கீப்பர் ஒரு கோல் விட்டார். பிறகு விடவில்லை. ஒன்றுக்கு ஒன்று. எத்தனை தரம் விழுந்தும் எண் நின்றது.

அடுத்த நாள் அவர்கள் போகும்போது மொரிட்டாவுடன் அந்தக் கீப்பரும் லோன்றிக்கு இறங்கி வந்தார். நெடிய பெடியன். கன்னத்தில் புல் கிழித்த காயம். கை கொடுத்தார்.

அந்த வருடம் கடைசி ஆட்டம் வரை அவர்தான் கோலில் நின்றார். ஆனாலும் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டது. மொரிட்டா டிசம்பரில் மெசேஜ் அனுப்பினார்: “நாங்கள் இறங்கிவிட்டோம். முப்பத்தொன்று கிளப்பில் நிற்கிறார். நானும்.”

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். லேபிளை வாசியுங்கள். சொன்னதைச் செய்யுங்கள், கூட ஒன்றும் செய்யாதீர்கள். பிழை நடந்தால் அந்த நிமிடமே போய்ச் சொல்லுங்கள். மன்னிப்பார்கள் என்பதற்காக இல்லை. அது அவரவர் குணம். நேரத்துக்காகச் சொல்லுங்கள். அன்று எட்டு மணிக்குச் சொன்னேன், பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. ஒன்பதுக்குச் சொல்லியிருந்தால் ரூபன் ஆளை மாற்றிவிட்டு வர ரெண்டு மணியாகியிருக்கும், அந்தப் பெடியன் ஐந்தாவது வருடமும் பெஞ்சில் இருந்திருப்பான்.