எல்லாம் ரைட்டான நோட்டு

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. துணியில் குறை இருந்தால் அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்புவேன். ஒரு ஸ்டிக்கரும் இல்லாமல் பண்டல் பண்டலாக நகர்ந்தால், யாரோ பார்க்காமலே தள்ளிவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். வேலையில் என் கண்ணை ஏமாற்ற முடியாது. வீட்டில்தான் ஏமாந்தேன்.

என் மகளுக்கு எதையும் மெதுவாகத்தான் கற்றுக்கொள்ள வரும். நான்கு வருடம் சிறப்புப் பள்ளி வேனில் போய்வந்தாள். அங்கே எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதும், தெருப் பிள்ளைகளோடு பக்கத்துப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்று மூன்றாம் வகுப்பில் சேர்த்தேன். வீட்டுக்காரருக்குப் பயம். அவருக்காக, வேனில் அவள் இடத்தைக் கொஞ்ச நாள் விட்டுவைக்க டிரைவரிடம் சொல்லியிருந்தேன்.

பெற்றோர் கூட்டத்தில் டீச்சர், "உங்க பொண்ணு தங்கமான புள்ளைங்க. ஒரு தொந்தரவும் இல்லீங்க" என்றார். தலைகால் புரியாமல் வீடு வந்து, அந்தப் பெருமையிலேயே நோட்டைப் பிரித்தேன். 'மரம்' என்பதை 'மம்' என்று எழுதியிருந்தாள், பக்கத்தில் ரைட். பாதியில் நின்ற கணக்குக்கும் ரைட். கடைசிப் பக்கம்வரை எல்லாமே ரைட்.

மறுநாள் பெர்மிஷன் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

"என்ற புள்ளைக்குத் தப்புப் போடுங்க டீச்சர்."

"பாவமுங்க. மத்த புள்ளைக முன்னால அழுதுருமுன்னுதான்..."

"அழுவட்டுங்க. கம்பெனியில நான் பாவம் பாத்துக் கொறையுள்ள பனியன பாஸ் பண்ணுனா, தெச்சவங்க எப்பத்தானுங்க கத்துக்குவாங்க? சொல்லிக் குடுக்க முடியாதுன்னா சொல்லிருங்க, திங்கக்கிழமையே பழைய பள்ளிக்கூட வேன்ல ஏத்திர்றேன்."

டீச்சர் முகம் சுண்டிவிட்டது. "இவளுக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கறதுன்னே எனக்குத் தெரியலீங்க" என்றார். அதைக் கேட்டதும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. பழைய பள்ளி டீச்சரின் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் போனது. ஒரு சாயங்காலம் மகள் பையை வீசிவிட்டு, "டீச்சர் கெட்டவங்க. நான் போ மாட்டேன்" என்று அழுதாள். நோட்டில் நான்கு சிவப்பு வட்டம். ஒவ்வொன்றின் கீழும் சரியான சொல்லை மூன்று தடவை எழுத வைத்திருந்தார். மூன்றாவது தடவை 'மரம்' சரியாக இருந்தது.

மூக்கு ஒழுக அழும் பிள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் அழுது முடிப்பதற்குள் வேன் டிரைவரைப் போனில் கூப்பிட்டு, அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.