சொல்லிக்கொண்டு போகும் பழக்கம்

போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "பிள்ளை ஊமையோ?" என்று வாசல் படலையடியில் நின்று கேட்டார்கள். என் காதில் விழட்டும் என்றே கேட்டார்கள். அடுத்த கிழமையே அம்மா என்னை மானிப்பாயில் ஒரு கடையின் மேல்மாடியில் நடந்த பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டார்.

மனிதர்களோடு பழகுவதை அங்கே கூட்டல் கழித்தல் போலச் சொல்லித் தந்தார்கள். கண்ணைப் பார். சிரி. போகும்போது சொல்லிக்கொண்டு போ. கடைசிப் பாடத்தில் ரீச்சருக்குப் பெரிய பிடிவாதம். ஒவ்வொருவருடைய கையையும் பிடித்து "போட்டு வாறன்" என்று சொல்லாமல் ஒருவரும் படியிறங்க முடியாது. மற்றதெல்லாம் எனக்கு வந்ததோ இல்லையோ, இது வந்தது. கூடவே ஒரு சிநேகிதியும் கிடைத்தாள். சண்டிலிப்பாய்க்காரி, என்னைப்போலவே வாய் திறக்காதவள். பஸ்சில் பக்கத்தில் இருந்து பேசிப் பழகினோம். முப்பது வயதில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி. அவளை இழந்துவிடுவேனோ என்று எப்போதும் பயந்தேன்.

அவளுடைய அப்பா இறந்தார். செத்த வீட்டில் அவளுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தேன், தண்ணீர் பருக்கினேன். எழும்பும்போதுதான் பழகிப்போன வாய் காலை வாரியது. அவள் கையைப் பிடித்து, "போட்டு வாறன்" என்று தெளிவாகச் சொன்னேன். செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது இங்கே நண்டு சிண்டுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஒப்பாரி நின்றது. "என்னத்துக்குத் திரும்பி வாறாய்? இன்னொரு சாவுக்கோ?" என்று அவளுடைய மாமி கத்தினார். சிநேகிதி மட்டும் என் கையை அழுத்தி, "நீ போ, நான் ஒண்டும் நினைக்கேல்லை" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக வழியெல்லாம் அழுதேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து அவள் வகுப்புக்கு வந்தாள். வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சுவையாகச் சொல்வதுதான் அன்றைய பயிற்சி. அவள் எழுந்தாள். என் குரல், என் நடை, நான் கையைப் பிடித்த விதம், மாமியின் கத்தல், ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்துச் சொன்னாள். வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "பாத்தியளே, எவ்வளவு வடிவாக் கதைக்கிறா!" என்று ரீச்சர் கை தட்டினார். நானும் பல் தெரியச் சிரித்தேன். அதைத்தானே பழக்கியிருந்தார்கள்.

"கோவிக்காதையடி, பகிடிக்குத்தான்" என்று வாசலில் அவள் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைத் தொடவில்லை. ஒருவருக்கும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினேன். செத்த வீட்டிலிருந்து எப்படிப் போக வேண்டும் என்று இப்போது எனக்குப் பிழையில்லாமல் தெரியும்.