மேல்மாடி அன்ரியின் தொண்டை

சித்தியின் கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மேல்மாடி அன்ரியின் குரலை நான் கொன்றுபோட்டேன். பத்து வயதில் அப்படித்தான் நம்பினேன்.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்கு மேலே இருந்தவர் அன்ரி. செக் நாட்டுக்காரி, ரயில் காவலாளி ஒருவரின் மகள். பாட்டுக் குழுவில் மற்றப் பிள்ளைகளின் குரலை மூடிவிடுகிறாள் என்று சின்னதிலே பின்வரிசைக்குத் தள்ளினார்களாம். அதே குரல் பிறகு அவரைப் பிராக் மேடையில் ஏற்றி, ஊர் ஊராய்க் கொண்டுபோய், கடைசியில் லண்டனில் இறக்கியது. அத்தனை வாத்தியமும் ஒன்றாக முழங்கினாலும் மைக் இல்லாமல் மேலால் கேட்கிற குரல். அதற்கு ட்ரமாட்டிக் சொப்ரானோ என்று பெயர். சுவர் முழுக்க அவர் படங்கள்: ராணி, சூனியக்காரி, பிள்ளையைப் பறிகொடுத்த தாய். "எல்லாக் கதையிலும் கடைசியில் நான் செத்துப்போவேன். ஆனால் இருபது நிமிசம் பாடிவிட்டுத்தான் சாவேன்" என்பார். ஏன் மேடையை விட்டீர்கள் என்று கேட்டால் மட்டும் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட எழும்பிவிடுவார்.

"அவ தும்மினாலும் சுருதியோடைதான் தும்முவா" என்பார் அப்பா.

கலியாணப் பூசையில் பாடச் சொல்லி அம்மா கேட்டபோது, அன்ரி இரண்டு நாள் யோசித்துத்தான் சரி என்றார். அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டம்: அன்ரிக்கு உறைப்புக் கொடுக்கக் கூடாது.

"அவவின்ரை தொண்டை இப்ப எங்கடை கலியாணச் சாமான். ஒருத்தரும் தொடப்படாது, சொல்லிப்போட்டன்" என்றார் அம்மா.

செவ்வாய்க்கிழமை படிக்கட்டில் அன்ரி என்னை மறித்து, ரகசியமாய் இடிச்ச சம்பல் கேட்டார்; செத்தல் மிளகாயும் தேங்காயும் போட்டு அம்மா இடிக்கிற அதே உறைப்புச் சம்பல். கறுத்தப் பாணில் வெண்ணெய் பூசி, அதற்கு மேல் சம்பலை அப்பித் தின்பது அவரின் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். பாவமாய் இருந்தது. ஒரு போத்தல் நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

புதன்கிழமை அன்ரிக்குப் பேச்சில்லை. கழுத்தில் கம்பளித் துணி. தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். பிறகு கொப்பியில் எழுதினார்: பாட முன்னம் மூன்று நாள் வாய் திறக்கமாட்டேன், மேடைக் காலத்துப் பழக்கம்.

அம்மா நம்பினார். நான் நம்பவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அன்ரி பொய் எழுதுகிறார் என்று எனக்கு நிச்சயம். அம்மா தந்த கொத்தமல்லித் தண்ணியை மேலே கொண்டுபோகும் போதெல்லாம் கதவில் காதை வைத்துக் கேட்பேன். ஒரு முனகல்கூட இல்லை. தொலைந்த சாமானை அந்தோனியார் எடுத்துத் தருவார் என்று எங்கள் வீட்டில் நம்பிக்கை. அவர் படத்துக்கு முன் முழங்காலில் நின்று அன்ரியின் குரலைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். சித்தி வேறு, "மாப்பிள்ளை பிந்தி வந்தாலும் பரவாயில்லை, அன்ரி பாடோணும்" என்று சிரித்துக்கொண்டு திரிந்தார்.

சனிக்கிழமை மாதா கோயிலில் அன்ரி வாயைத் திறந்தார். கோயிலே நிறைந்துபோனது. அழுத குழந்தைகூட அடங்கியது. அந்தோனியாருக்கு நன்றி சொல்லி முடிக்கவில்லை, பாட்டு மேலே மேலே ஏறி, உச்சியில் சீலை கிழிகிற மாதிரிக் கிழிந்தது. ஒரு மூச்சு. பிறகு கீழே இறங்கி, மெதுவாய் முடித்தார்.

மண்டபத்தில் அம்மா கவலையோடு கேட்டார்: "தொண்டைக்கு என்ன அன்ரி?"

அன்ரி ரோல்ஸ் பலகாரத் தட்டோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"உங்கள் சம்பல்தான். மகள் தந்தாள், நானும் தின்றுவிட்டேன்" என்று சிரித்தார்.

"எடியே! உனக்கு எத்தினை தரம் சொன்னனான்?"

மண்டபமே திரும்பியது. "இவளை மைக்குக்குக் கிட்ட விடாதையுங்கோ, அதுவும் செத்துப்போகும்" என்றார் மாமா. மூன்று நாள் காப்பாற்றியவர் ஒரு நொடியில் விற்றுவிட்டாரே என்று மேசைக்குக் கீழே போய் அழுதேன்.

மறுநாள் கதவு தட்டுப்பட்டது. அன்ரி, கையில் கழுவிய வெறும் போத்தல். "இன்னும் இருக்கிறதா?"

அம்மா பதறிப்போனார். அன்ரி குசினியில் நின்றபடியே பாணில் சம்பலை அப்பித் தின்றார், எல்லா ஞாயிறும் போல. இருமல்கூட வரவில்லை.

என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்து, போத்தலை அமத்தி அமத்தி நிரப்பினேன். அந்த உச்சக் குரல் பழைய மேடைக் காலத்திலேயே அவரை விட்டுப் போயிருந்தது என்றும், அதைச் சொல்லாமல் இருக்க அவருக்கு ஒரு போத்தல் சம்பல் தேவைப்பட்டது என்றும் அப்போது எனக்கு எங்கே தெரியும்?