இருபத்தேழில் ஓடிய நாள்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. இடம், கிழக்குக் கரையில், எங்கள் ஊரான இலங்கைத்துறைக்கு நேரே வெளியே உள்ள கடல். கச்சான் தொடங்கிய மாதம். கச்சான் என்றால் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. விடியற்காலையில் இராது. வெயில் ஏற ஏறத்தான் வரும்.

எனக்குத் தொழில் போட் ஓட்டுவது. என் தங்கச்சியின் புருஷனுக்குத் தொழில் சுழியோடுவது. அவனை மச்சான் என்றே எழுதுகிறேன். அவனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். அவன் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அடிக்குப் போவான். கடல் அட்டை பொறுக்குவான். நான் மேலே இருப்பேன். அவன் விடும் மூச்சு குமிழி குமிழியாக மேலே வரும். அது வரும் இடம் பார்த்துப் போட்டைக் கொண்டுபோவேன். குமிழி வந்தால் ஆள் இருக்கிறான். அவ்வளவுதான் என் வேலை.

மச்சானுக்கு வேகம் என்றால் உயிர். மோட்டார் சைக்கிளில் திருகோணமலைக்குப் போய் வந்தால் முதல் கதையே எவ்வளவு ஓடினேன் என்பதுதான். நூறு என்பான். அடுத்த நாள் அதே பயணம் நூற்றிப் பத்து ஆகிவிடும். தேத்தண்ணிக் கடையில் ஆட்கள் இருந்தால் நூற்றி இருபது. தங்கச்சி மட்டும், "கூட ஒரு பத்து போடுங்கோ, ஆர் பாத்தது" என்பாள்.

நான் அப்படி இல்லை. போட்டை மெதுவாகத்தான் ஓட்டுவேன். எண்ணெய் வீணாகக் கூடாது, எஞ்சினும் நாள் நிற்க வேண்டும். அது அவனுக்குப் பெரிய பகிடி.

"மச்சான், பின்னால பாருங்கோ."

"என்ன?"

"ஒரு ஆமை ஹோர்ன் அடிக்குது. ஒதுங்கி வழி விடுங்கோ, பாவம், அதுக்கு அவசரம்."

"அவ்வளவு அவசரமெண்டா நீ இறங்கி அதில ஏறிப் போ."

"போவன். என்னை விட்டா உங்களோட ஆர் வருவான் எண்டுதான் இருக்கிறன்."

எங்களிடம் ஒரு சின்ன ஜிபிஎஸ் இருந்தது. கையில் பிடிக்கிற பெட்டி. அட்டை கிடக்கும் இடத்தை அதில் அடித்து வைத்தால் அடுத்த நாள் நேரே அங்கே போகலாம். போட் ஓடும் வேகத்தையும் காட்டும். அதற்குக் கீழே இன்னொரு எண் இருக்கும். அந்தப் பெட்டி இதுவரை ஓடியதில் கூடிய வேகம் அது. அழித்தால் ஒழிய அது போகாது. எங்கள் பெட்டியில் பதினாறு என்று கிடந்தது. மணிக்கு இத்தனை கடல்மைல் என்ற கணக்கு.

"பதினாறு," என்பான் மச்சான். "இதை ஆருக்கும் காட்டிப்போடாதேங்கோ. என்ட மானமும் சேந்து போயிடும்."

அவனே தண்ணீருக்குள் அப்படி இல்லை. அங்கே பொறுமையான ஆள். சுழியோடுகிறவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. மேலே வரும்போது தன் குமிழியைத் தான் முந்தக் கூடாது. முந்தினால் உடம்புக்குள் காற்றுக் கட்டும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே மச்சான்தான்.

அன்றைக்கு அவன் இறங்கிய இடத்தில் அட்டை கூடக் கிடந்திருக்க வேண்டும். வழக்கத்தைவிட நேரம் போனது. நான் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றது. எழும்பி நின்று பார்த்தேன். இல்லை. போட்டின் மற்றப் பக்கம் தண்ணீர் வெடித்தது போல ஒரு சத்தம். திரும்பினால் மச்சான். பந்தை அமுக்கி விட்டால் எப்படி வரும், அப்படி வந்தான். நெஞ்சு வரைக்கும் மேலே எழும்பி விழுந்தான்.

"காத்து முடிஞ்சு போச்சு," என்றான். சிரித்தான். பையைத் தூக்கிக் காட்டினான். பை நிறைய இருந்தது.

போட்டில் ஏறி இருந்து கொஞ்ச நேரத்தில் தோளைப் பிடித்தான். குத்துகிறது என்றான். கை விறைக்கிறது என்றான்.

இந்தத் தோள் குத்து எங்கள் ஆட்களுக்குப் புதிது இல்லை. எல்லோருக்கும் வரும். அதற்கு ஊரில் ஒரு வைத்தியமும் இருந்தது. இன்னொரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு திரும்ப இறங்குவது. அடியில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் குத்து போய்விடும். பிறகு மெதுவாக ஏறி வருவது. எனக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்கள். அது பிழை என்று எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை.

மச்சானும் மற்றச் சிலிண்டரைக் கட்டினான்.

"இருந்திட்டு வாறன் மச்சான். நீங்கள் ஒரு பீடி பத்தி முடிக்கேக்க வந்திடுவன்."

இறங்கினான். குமிழி ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தது. காற்று எழும்பத் தொடங்கியது. பிறகு குமிழி மெல்ல மெல்லப் போட்டுக்குக் கிட்ட வந்தது. இந்த முறை ஒழுங்காகத்தான் ஏறினான். தலையை வெளியே காட்டி, குத்து இல்லை என்று கையை ஆட்டினான். போட்டின் விளிம்பைப் பிடித்தான். பிடித்தபடியே நின்றான்.

"ஏறு," என்றேன்.

"ஏலாது."

"விளையாடாத. காத்து எழும்புது, ஏறு."

"விளையாடேல்ல மச்சான். கால் அடிக்குது இல்ல."

அவன் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கைக்குக் கீழும் பிடித்து இழுத்துப் போட்டேன். கால்கள் பின்னால் வந்தன. ஈர வலையை இழுத்தது போல இருந்தது.

ஊர்க் கரை கிட்டத்தான். ஆனால் அங்கே என்ன இருக்கிறது. திரிவீல் ஆட்டோவில் மடக்கி இருத்தி, குண்டும் குழியுமான ரோட்டில் கொண்டுபோக வேண்டும். திருகோணமலையில் இப்படி வருகிறவர்களைப் படுக்க வைக்கும் இரும்பு அறை ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். உள்ளே காற்றை அமுக்கிக் கொடுப்பார்கள். கொட்டியாரக் குடாவைக் குறுக்கே வெட்டினால் நேரே துறைமுகம். கடலால் போவது என்று முடிவு எடுத்தேன்.

போட்டில் பாரம் இருந்தது. நங்கூரத்தைக் கயிற்றோடு வெட்டி விட்டேன். வெறும் சிலிண்டர்களை எறிந்தேன். அவன் இடுப்பில் கட்டும் ஈயப் பட்டியை எறிந்தேன். பிறகு பையைத் தூக்கினேன்.

"அதைக் கொட்டாதேங்கோ மச்சான்."

கொட்டினேன். அட்டைகள் தண்ணீரில் விழுந்து, ஒவ்வொன்றாக, மெதுவாக, அடிக்குப் போயின. அவன் அதைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

எஞ்சினைத் திருகினேன். அதை நான் அதுவரை முழுதாகத் திருகியதே இல்லை. போட்டின் முன்பக்கம் எழும்பியது. மச்சானின் தலை என் காலடியில் இருந்தது. ஜிபிஎஸ் பெட்டி அவன் கையில். அவனேதான் அதைக் கேட்டு வாங்கினான்.

"பதினேழு," என்று கத்தினான். "பதினாறு போச்சு மச்சான்!"

நான் இன்னும் திருகினேன்.

"இருபது. இருபத்தொண்டு. இவ்வளவு நாளும் இந்த எஞ்சினை என்னத்துக்கு வைச்சிருந்தனீங்கள், பூசைக்கா?"

"கதைக்காத. மூச்சைப் பிடிச்சு வை."

"இருபத்திமூண்டு. தாங்கோ, இன்னும் தாங்கோ."

குடாவின் வாயை எட்டியபோது கச்சான் நன்றாக எழும்பிவிட்டது. அலை பக்கத்திலிருந்து வந்தது. போட் தண்ணீரில் ஓடவில்லை, ஒரு அலையில் இருந்து அடுத்த அலைக்கு விழுந்து விழுந்து போனது. ஒவ்வொரு அடியும் என் பல்லுக்குள் கேட்டது. நின்றுகொண்டிருந்த எனக்கே இடுப்பு தெறித்தது. அவன் வெறும் பலகையில் கிடக்கிறான். மனம் கேட்கவில்லை. குறைத்தேன்.

"ஏன் குறைச்சனீங்கள்?"

"உனக்கு அடிக்குமெண்டு."



"எனக்கு ஒண்டும் அடிக்கேல்ல மச்சான்," என்றான். "இடுப்புக்குக் கீழ போட்டே இல்லாத மாதிரி இருக்கு. நீங்கள் ஓடுங்கோ."

அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது. அவனுக்கும் அப்போதுதான் விளங்கியிருக்கும். அதற்குப் பிறகு அவன் எண் சொல்லவில்லை. நான் முழுதாகத் திருகினேன். உப்புத் தண்ணீர் கண்ணில் அடித்தது. எங்கே ஓடுகிறேன் என்று பாதி நேரம் தெரியவில்லை. திருகோணமலைப் பக்கத்து மலையைப் பார்த்து ஓடினேன். அவன் கை மட்டும் என் கணுக்காலைப் பிடித்திருந்தது. கரை வரும் வரை விடவில்லை.

திருகோணமலைக் கரையில் மீன் ஏற்ற ஒரு கூலர் லொறி நின்றது. அதன் டிரைவர் கிண்ணியா ஆள். எனக்கு முன்பின் தெரியாதவர். நான் கத்தியதைக் கேட்டு ஓடி வந்தார். திரிவீலில் ஏற்ற வேண்டாம், ஆளை மடக்கக் கூடாது என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏற்றிய மீன் பெட்டிகளை வெயிலில் இறக்கி வைத்தார். நீட்டிப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் லொறியை நிறுத்தி நிறுத்தி இறக்கினார். மச்சானை ஆஸ்பத்திரிக்குள் எடுத்த பிறகும் போகவில்லை. எனக்கு ஒரு பிளேன்ரீ வாங்கித் தந்துவிட்டு, "அல்லாஹ் இருக்கான் காக்கா" என்று, சொந்த அண்ணனிடம் சொல்வது போலச் சொல்லி, தோளில் தட்டிவிட்டுத்தான் போனார். அவருடைய மீன் என்ன ஆனதோ தெரியாது.

மச்சானை அந்த இரும்பு அறைக்குள் பல முறை வைத்தார்கள். கை சரி வந்தது. கால் வரவில்லை. டொக்டர் என்னைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். காற்று முடிந்து வேகமாக மேலே வந்தபோதே முதுகுத் தண்டில் பட்டுவிட்டதாம். திரும்ப இறங்கியது அதைக் கூட்டிவிட்டதாம்.

"நீங்கள் வேகமாத்தான் கொண்டுவந்தீங்கள்," என்றார்.

தங்கச்சி வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள். "கால் வருமா அண்ணா?" என்று கேட்டாள். பார்ப்போம் என்றேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தான். சக்கர நாற்காலி ஒன்று கிடைத்தது. எங்கள் ஊர் மணல். சக்கரம் புதையும். உடைந்த போட் ஒன்றின் பலகைகளை எடுத்து, வாசலில் இருந்து கடல் தெரியும் இடம் வரை பதித்துக் கொடுத்தேன். அதில் தள்ளிக்கொண்டு போகும்போது, "மச்சான், இது உங்களையும் விட மெதுவா ஓடுது" என்றான். நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

ஒருநாள் அந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னான். போட்டுக் காட்டினேன். கூடிய வேகம் இருபத்தேழு என்று இருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்டைக்கு நான் கடைசிவரைக்கும் பாக்கேல்ல. இருபத்தேழா ஓடினனீங்கள்?"

"ஓம்."

"இதை அழிச்சுப்போடாதேங்கோ."

அதற்குப் பிறகு அவனைப் பார்க்க வருகிறவர்களிடம் தன் மோட்டார் சைக்கிள் கதையை அவன் சொல்லவில்லை. "என்ட மச்சான் இருபத்தேழு ஓடினவர், கச்சானுக்குள்ள" என்றுதான் சொல்வான். நான் இருந்தால் எழும்பி வெளியே போய்விடுவேன்.

போன மாரியில், இருந்தும் கிடந்தும் வந்த முதுகுப் புண்ணில் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்தது. திரும்ப எழும்பவில்லை. லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் வைத்துத்தான் சுடலைக்குக் கொண்டுபோனோம். மழையில் ரோடு சேறு. மெல்லப் போ, மெல்லப் போ என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே பக்கத்தில் நடந்தேன். அவன் போன பயணங்களில் அதுதான் மெதுவானது.

இப்போது எங்கள் ஊரில் யாரும் திரும்ப இறங்குவதில்லை. தோள் குத்தினால் நேரே திருகோணமலைக்குத்தான். அந்த ஒரு மாற்றம் வந்திருக்கிறது. என்னோடு புதிதாக வந்து சேர்ந்தவன் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இந்தப் பழசுகளை அழிச்சிட்டுப் புதுசாத் தொடங்குவமா அண்ணே?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. நல்ல ஆள்.

போன கிழமை தேத்தண்ணிக் கடையில் அதே கதை. யார் எவ்வளவு வேகம் ஓடியது என்று. ஒருவன் நூற்றி நாற்பது என்றான். கொழும்பில் வான் ஓட்டுகிறவன் நூற்றி அறுபது என்றான். என்னையும் கேட்டார்கள். இருபத்தேழு கடல்மைல் என்றேன். தரைக் கணக்கில் ஐம்பது கிலோமீற்றர்தான் வரும். பஸ்ஸே அதைவிட ஓடும். சிரித்தார்கள். எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது நினைத்தேன். மச்சான் அன்றைக்கு அடியிலிருந்து மேலே வந்த வேகம், நான் இப்போது நடக்கிற வேகம்தான் இருக்கும். அதைப் பிடிக்க எனக்கு இருபத்தேழும் போதவில்லை.