பெர்னாபே கையை இறக்கிய நாள்

எங்கள் பலேங்கே கிராமத்தில் மேலூர், கீழூர் என்று இரண்டு பாதி. ஒவ்வொன்றிலும் ஒரே வயதுக்காரர்கள் சிறுவயதிலேயே ஒரு கூட்டமாகச் சேர்வார்கள். சாகும்வரை ஒருவருக்கொருவர் துணை. மேலூர்க் கூட்டமும் கீழூர்க் கூட்டமும் முஷ்டியால் மோதிக்கொள்வதும் வழக்கம். அந்தத் தெருச்சண்டையில் தேறித்தான் மேலூர் பெர்னாபே உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தையே வென்றார். ஓய்வுபெற்றதும் கர்த்தஹேனா நகரத்தில் தங்காமல் ஊர் திரும்பி, நோயாளிகளைத் தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஒரு மழைக்காலத்தில் கால்வாய்க் கரை உடைந்தது. அக்கரைக் குடும்பங்கள் குழந்தைகளோடு கூரையேறி நின்றன. படகுகளோ கீழூர்க் கூட்டத்துடையவை. அதன் தலைவர் தெமெத்ரியோ, சிறுவயதில் பெர்னாபேயிடம் ஒரு பல்லைப் பறிகொடுத்தவர். பெர்னாபே அவரிடமே போய்ப் படகெடுக்கக் கூப்பிட்டார்.

"மேலூரான் கூப்பிட்டா நாங்க துடுப்பெடுக்கணுமா? உன் கூட்டம் எங்கடா?" என்றார் தெமெத்ரியோ.

"பொழைக்கப் போயிட்டாங்க. பல்லுக்குப் பல் வேணும்னா எடுத்துக்க. சீக்கிரம் அடி, தண்ணி ஏறுது."

பெர்னாபே இரண்டு கைகளையும் தொங்கவிட்டார். குத்துச்சண்டை மேடையில் அவர் ஒருமுறைகூட அப்படி நின்றதில்லை. தெமெத்ரியோ ஓங்கிக் குத்தினார். உதடு கிழிந்தும் பெர்னாபே அசையவில்லை.

"மூஞ்சியாடா இது, பாறாங்கல்லு! என் கை போச்சு," என்று கையை உதறினார் தெமெத்ரியோ.

"இன்னொரு கை இருக்குல்ல? துடுப்பப் புடி, கிழவா."

கீழூர்க்காரர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தபடியே படகுகளைத் தண்ணீரில் தள்ளினார்கள். பெர்னாபே ரத்தத்தைத் துப்பிவிட்டு முதல் படகின் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் தெமெத்ரியோ இடக்கையால் துடுப்புப் போட்டார்.

பொழுது சாய்வதற்குள் ஒரு கூரையிலும் ஆளில்லை.